கோல்ட்ஃபிஞ்ச்: காட்டில் அடையாளம் காண்பதும் கூண்டில் வளர்ப்பதும்

கோல்ட்ஃபிஞ்ச் என்றால் எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது அதன் சிவந்த முகம். படம் வரைபவர்களும் அதைத்தான் பெரிதாக வரைகிறார்கள். ஆனால் இந்தப் பறவையைக் காட்டில் சரியாக அடையாளம் காணவும் சரி, ஏவியரியில், அதாவது பறவை பறந்து திரியும் அளவுக்குப் பெரிய கூண்டில், நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கவும் சரி, முகத்தைவிட அலகுதான் அதிகம் உதவும். விதை தின்னும் சிறு பறவைகளான ஃபிஞ்ச் இனங்களில் பலவற்றுக்கு அலகு குட்டையாகத் தடித்திருக்கும். கடினமான விதையை நொறுக்குவதற்கு ஏற்ற அமைப்பு அது. கோல்ட்ஃபிஞ்சின் அலகு நீளமாக, கூர்மையாக, ஒரு சின்ன இடுக்கி போல இருக்கும். முட்செடியின் தலைக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும் மெல்லிய விதைகளை உருவி எடுக்கவே அப்படி அமைந்திருக்கிறது. அது எங்கே தென்படும், எப்போது கூடு கட்டும், கூண்டில் என்ன போட்டால் பிழைக்கும், என்ன போட்டால் கொழுத்துச் சாகும் என்பதெல்லாம் இந்த அலகிலிருந்தே தொடங்குகிறது.

இங்கே முக்கியமாகப் பேசுவது ஐரோப்பிய கோல்ட்ஃபிஞ்சைப் பற்றி. கார்டுவெலிஸ் கார்டுவெலிஸ் என்பது அறிவியல் பெயர். ஐரோப்பாவின் பெரும்பகுதியில், வட ஆப்பிரிக்காவில், மேற்கு ஆசியாவிலிருந்து நடு ஆசியா வரை இயல்பாக வாழ்கிறது. 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கொண்டுபோய் விட்டதால் இப்போது அங்கேயும் சாதாரணமாகக் காணலாம்.

கண்ணுக்கு என்ன தெரியும்

அளவில் சின்னப் பறவை. நீளம் 12 முதல் 13 செ.மீ., எடை சுமார் 14 முதல் 19 கிராம். அலகைச் சுற்றி இரத்தச் சிவப்பு. அதற்குப் பின்னால் வெள்ளைக் கன்னம். உச்சியிலிருந்து கழுத்தின் இரு பக்கமும் இறங்கும் கறுப்பு. முதுகு செம்பழுப்பு, வயிறு வெள்ளை, மார்பின் இரு பக்கமும் பழுப்புத் திட்டு. இறக்கை நல்ல கறுப்பு. அதன் குறுக்கே அகலமான மஞ்சள் பட்டை. வாலும் கறுப்புதான், நுனியில் வெள்ளைப் புள்ளிகள்.

எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் நம்பக்கூடியது அந்த மஞ்சள் பட்டை. பறக்கும்போது முகம் தெரியாது, முதுகும் தெரியாது. கறுப்பு இறக்கையில் மஞ்சள் மட்டும் மின்னி மின்னி மறையும். பறப்பதும் தனி விதம்: மேலே எழும்பி, இறக்கையை மூடி, கீழே சரிந்து, மறுபடி எழும்பி, அலை அலையாகப் போகும். போகிற போக்கில் கண்ணாடி மணிகளை உருட்டியது மாதிரி மெல்லிய குரலில் பேசிக்கொண்டே போகும். அந்தக் குரல் ஒருமுறை காதில் பதிந்துவிட்டால் அப்புறம் நிமிர்ந்து பார்க்காமலேயே இனத்தைச் சொல்லிவிடலாம். ஆண் பாடும் பாட்டும் இதே குரல்தான். அதை நீட்டி, நடுநடுவே கரகரப்பும் இழுப்பும் சேர்த்துப் பாடும்.

குழப்பம் வருவது கோடையின் பின்பகுதியில். கூட்டைவிட்டு வந்த இளம் பறவைக்குச் சிவப்பும் கிடையாது, கறுப்பும் கிடையாது. தலை முழுக்கச் சாம்பல் கலந்த பழுப்பு, மேலே மங்கலான கோடுகள். இது என்ன புது இனம் என்று திகைப்பவர்கள் நிறையப் பேர். அப்போதும் இறக்கையைப் பார்த்தால் போதும். மஞ்சள் பட்டை பிறந்த சில வாரங்களிலேயே முழுதாக வந்திருக்கும். முகத்தின் நிறம் இலையுதிர் காலத்து இறகு மாற்றத்தில்தான் வரும். செப்டம்பர் வாக்கில் பாதி முகம் சிவந்து பாதி முகம் பழுப்பாக, திட்டுத்திட்டாகத் தெரிபவை எல்லாம் அந்த வருஷத்துக் குஞ்சுகளே.

இதன் உறவுப் பறவைகளான கிரீன்ஃபிஞ்சுக்கும் சிஸ்கினுக்கும் இறக்கையில் மஞ்சள் உண்டு. ஆனால் அவற்றின் உடம்பிலேயே பச்சையும் மஞ்சளும் கலந்திருக்கும். கோல்ட்ஃபிஞ்சில் பச்சைச் சாயலே கிடையாது. கிரீன்ஃபிஞ்ச் பருமனானது, அலகு தடித்தது. சிஸ்கின் இதைவிடச் சிறியது. இதற்குமேல் இந்த ஒப்பீட்டில் குழம்ப ஒன்றும் இல்லை.

வருஷம் முழுக்க ஒரே மாதிரி தோற்றம் இருக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். புது இறகு முளைத்த இலையுதிர் காலத்தில் இறக்கை ஓரமும் வால் நுனியும் பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். இறகுக்கு உறுதி தருவது கறுப்பு நிறமியான மெலனின். வெள்ளைப் பகுதியில் அது இல்லாததால் அந்த நுனிகள்தான் முதலில் தேயும். வசந்தம் முடிவதற்குள் பல பறவைகளில் அந்தப் புள்ளிகள் கிட்டத்தட்டக் காணாமல் போயிருக்கும். அலகும் அப்படித்தான்: குளிர்காலத்தில் நுனி கறுத்திருக்கும், இனப்பெருக்கக் காலம் வந்ததும் முழுக்கத் தந்த வெள்ளையாகிவிடும். அடையாளப் படத்தில் இருப்பது போல இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். எந்த மாதத்தில் பார்க்கிறீர்கள் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

ஆணா, பெண்ணா

வளர்ப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். தூரத்திலிருந்து பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் நேர்மையான பதில். பொதுவாகச் சொல்லப்படுவது, ஆணின் முகச்சிவப்பு கண்ணின் பின் ஓரத்தைத் தாண்டிப் போகும், பெண்ணுக்குக் கண்ணோடு நின்றுவிடும் என்பது. பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பறவைகளும் நிறைய உண்டு. இதை மட்டும் நம்பி இரண்டு ஆணை ஜோடி சேர்த்துவிட்டு முட்டைக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கையில் இருக்கும் பறவையில் இன்னும் இரண்டு இடம் பார்க்கலாம். இறக்கையை லேசாக விரித்துத் தோள்பட்டைச் சிற்றிறகுகளைப் பாருங்கள்: ஆணுக்கு அவை கறுப்பு, பெண்ணுக்கு ஓரத்தில் பழுப்போ சாம்பலோ ஓடும். அப்புறம் மூக்குத் துளையை மூடியிருக்கும் முடி போன்ற நுண்ணிறகுகள்: ஆணுக்குக் கறுப்பு, பெண்ணுக்குச் சாம்பல் சாயல். மூன்று அடையாளமும் ஒரே பக்கம் பேசினால் நம்பலாம். முரண்பட்டால் இரண்டு மூன்று இறகை அனுப்பி மரபணுச் சோதனை செய்வதே மேல்.

நான்காவது அடையாளம் அலகின் நீளம். ஆணின் அலகு சராசரியாகச் சற்றே நீளம். கண்ணால் அளக்க முடியாத இந்தச் சின்ன வித்தியாசம் காட்டில் பெரிய வேலை செய்கிறது. டீசில் என்றொரு செடி உண்டு. அதன் காய்ந்த தலையில் முட்களுக்கு நடுவே குறுகலான குழிகளின் அடியில் விதை இருக்கும். ஆணின் அலகு அந்த அடிவரை எளிதாக எட்டும், பெண்ணின் அலகு எட்டத் திணறும். அதனால் குளிர்காலத்தில் டீசில் தலைகளில் தொங்கும் கூட்டத்தில் ஆண்களே அதிகமாக இருக்கும். ஒரே இனத்தில் ஆணும் பெண்ணும் வேறு வேறு செடிகளில் பசியாறுவதைக் கண்ணால் பார்க்க முடிகிற அரிய இடங்களில் இது ஒன்று.

கிளையினங்களும் பெயர்க் குழப்பமும்

உச்சி கறுத்த மேற்குக் கூட்டம், உச்சி சாம்பலான கிழக்குக் கூட்டம் என்று இரண்டு பெரும் பிரிவுகள். கிழக்குக் கூட்டம் ஈரானிலிருந்து நடு ஆசியா வழியாக இமயமலை வரை பரவியிருக்கிறது. அதற்குத் தலையில் கறுப்பும் வெள்ளையும் கிடையாது, சாம்பல் தலையில் சிவப்பு முகம் மட்டும்தான். இரண்டும் சந்திக்கும் எல்லையில் கலந்து இனம் பெருக்குகின்றன. சிலர் கிழக்குக் கூட்டத்தைத் தனி இனமாகவே வகைப்படுத்துகிறார்கள். மேற்குக் கூட்டத்துக்குள்ளேயே தெற்கே போகப் போக உடல் சிறுக்கிறது, வடகிழக்கே சைபீரியா பக்கம் போகப் போக உடல் பெருத்து நிறம் வெளுக்கிறது. ஏவியரிக்காரர்கள் விரும்பி வளர்ப்பது இந்தப் பெரிய சைபீரியக் கிளையினத்தை. அதைச் சின்ன உடம்புள்ள தெற்குக் கிளையினத்தோடு ஜோடி சேர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. குஞ்சு பிறக்கும், ஆனால் எந்த மண்ணுக்கும் உரியதல்லாத ஒரு பறவையாக இருக்கும்.

அமெரிக்க கோல்ட்ஃபிஞ்ச் முற்றிலும் வேறு. அது ஸ்பைனஸ் பேரினம், சிஸ்கினின் நெருங்கிய உறவு. கோடையில் ஆண் முழு மஞ்சளாக, நெற்றியில் கறுப்புத் தொப்பியோடு இருக்கும். குளிர்காலத்தில் மங்கிய பழுப்பாகிவிடும். உடல் இறகை வருஷத்துக்கு இரண்டு தடவை மாற்றுவதால் வரும் மாற்றம் இது. திஸில் முட்செடி பூத்துப் பஞ்சு வெடிக்கும் வரை காத்திருந்து, மற்றப் பறவைகள் குஞ்சு பொரித்து முடித்த பிறகுதான் கூடு கட்டத் தொடங்கும். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ஆகவே ‘கோல்ட்ஃபிஞ்ச் வளர்ப்பு’ என்று எங்கே படித்தாலும் அது ஐரோப்பியப் பறவையைப் பற்றியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

தீனி: பாதி பழுத்த விதை

காட்டில் கோல்ட்ஃபிஞ்ச் சாப்பிடுவதைக் கவனித்துப் பாருங்கள். வசந்தத்தில் டான்டலியன், கிரவுண்ட்செல். கோடையில் திஸில், நாப்வீட். குளிர்காலத்தில் டீசில், பர்டாக், அப்புறம் ஆல்டர், பிர்ச் மரங்களின் விதைகள். பட்டியலில் பாதிக்கு மேல் சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: காய்ந்து உதிர்ந்த விதைக்காக அது காத்திருப்பதில்லை. பூ மூடி, விதை உள்ளே இன்னும் பால்பிடித்து வெள்ளையாக இருக்கும்போதே பக்கவாட்டில் கிழித்துத் தின்கிறது. குஞ்சுகளுக்கு இரைப்பையிலிருந்து எடுத்து ஊட்டுவதும் பெரும்பாலும் இந்த இளம் விதைக் கூழைத்தான். கூடவே அசுவினி போன்ற சிறு பூச்சிகள்.

கூண்டுத் தீனியில் நடக்கும் தப்பு இங்கேதான் தொடங்குகிறது. கடைக் கலவையில் ஹெம்ப் விதையும் சூரியகாந்தியும் நிறைய இருக்கும். இரண்டும் கொழுப்பு மிகுந்தவை, பறவைக்கு ரொம்பப் பிடித்தவை. வெளியில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான விதைகளுக்காகத் தொங்கி, தாவி, பறந்து திரியும் பறவை, கூண்டில் கிண்ணத்தின் ஓரம் உட்கார்ந்து இவற்றை மட்டும் பொறுக்கித் தின்னும். கொழுத்து, கல்லீரல் கெட்டு, ஒரு நாள் காலையில் தரையில் கிடக்கும். பேயெள்ளு, கேனரி விதை, சிக்கரி விதை, டீசில் விதை, கொஞ்சம் ஆளி விதை, கொஞ்சம் கசகசா என்று சின்ன விதைகளை முதன்மையாக வைத்து, ஹெம்பைக் கடுங்குளிருக்கும் இனப்பெருக்கத்துக்கும் மட்டும் அளந்து கொடுப்பது நல்லது. ஊற வைத்து முளைவிடத் தொடங்கிய விதை, காட்டின் பால் விதைக்குப் பக்கத்தில் வரும். ஆனால் வெயில் நாளில் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும், மிச்சத்தை அன்றன்றே எடுத்துவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நல்லது முழுச் செடி. மருந்து தெளிக்காத இடத்திலிருந்து டான்டலியன் தலைகளைப் பறித்து வாருங்கள். மஞ்சள் பூ மூடிய பிறகு, பஞ்சு விரிவதற்கு முன்னால் பறிக்க வேண்டும். திஸில், டீசில் தண்டுகளை வெட்டிக் கட்டித் தொங்க விடுங்கள். பறவை அதில் தலைகீழாகத் தொங்குவதையும், தண்டை அலகால் இழுத்துக் காலடியில் அழுத்திப் பிடிப்பதையும் கிட்டத்தில் பார்க்கலாம். இந்தத் திறமைதான் ஒரு காலத்தில் அதற்கு வினையாக வந்தது. 17ஆம் நூற்றாண்டு ஹாலந்தில் கோல்ட்ஃபிஞ்சைச் சங்கிலியில் கட்டி, சின்ன வாளியைக் கயிற்றால் இழுத்துத் தண்ணீர் மொண்டு குடிக்கப் பழக்குவார்கள். கேரல் ஃபாப்ரிடியஸ் 1654இல் வரைந்த, ஹேக் நகர மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் புகழ்பெற்ற ஓவியத்தில் இருப்பதும் தீனிப்பெட்டியோடு சங்கிலியில் பிணைக்கப்பட்ட கோல்ட்ஃபிஞ்ச்தான்.

முகச்சிவப்பும் தீனியோடு கட்டுண்டது. சிவப்பு, மஞ்சள் நிறங்களுக்கு மூலம் செடிகளிலிருந்து வரும் கரோட்டினாய்டு நிறமிகள். இறகு முளைக்கும் அந்தச் சில வாரங்களில் பச்சைத் தீனி கிடைக்காவிட்டால் அடுத்த ஒரு வருஷம் முகம் ஆரஞ்சாக வெளிறித்தான் இருக்கும்.

ஏவியரி

கோல்ட்ஃபிஞ்சுக்குக் குளிர் பெரிய எதிரி இல்லை, ஈரம்தான் எதிரி. கூரை போட்ட, ஒரு பக்கமாவது காற்றடிக்காமல் மறைத்த, தரை காய்ந்தே இருக்கும் கூண்டு வேண்டும். காரணம் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி. எச்சத்தில் வெளிவந்து, ஈரத்தில் முதிர்ந்து, தீனியோடு மறுபடி வாய்க்குள் போகும். வளர்ந்த பறவை கொஞ்சம் தாங்கும். தாயைப் பிரிந்து தானே தின்னத் தொடங்கி, முதல் இறகு மாற்றத்துக்குள் நுழையும் இளம் பறவை தாங்காது: இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்காரும், தின்றுகொண்டே இருக்கும், ஆனால் மார்பெலும்பு கத்தி மாதிரி துருத்தும். இந்த இனத்தில் வளர்ப்பவர் அதிகமாகப் பறிகொடுப்பது இந்தப் பருவத்தில்தான். எச்சத்தைப் பறவை மருத்துவரிடம் கொடுத்துச் சோதித்து, அவர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில் கொடுப்பதே வழி. நோய் வருமுன்னே என்று மாதாமாதம் மருந்து கலப்பது குடலையும் கெடுக்கும், மருந்தையும் பலனற்றதாக்கும்.

கம்பியின் கண் அரை அங்குலத்துக்கும் குறைவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் சுண்டெலி நுழைந்து தீனியில் கழிந்து வேறு நோய்களைக் கொண்டுவரும். தீனித்தட்டுக்கு மேலே கிளை வைக்காதீர்கள். கணவாய் மீனின் ஓடும் பொடிக்கல்லும் எப்போதும் இருக்க வேண்டும். குளிக்கத் தட்டும் வேண்டும், குளிர்காலத்திலும் குளிக்கும். உட்காரும் கொம்புகள் ஒரே தடிமனில் இழைத்த குச்சிகளாக இல்லாமல் பட்டையோடு கூடிய மரக்கிளைகளாக இருந்தால் நகமும் அலகும் தானே தேயும்.

குளிர்காலத்தில் கூட்டமாக வாழும் பறவை, வசந்தம் வந்தால் ஜோடியாகப் பிரியும். ஒரு கூண்டுக்கு ஒரு ஜோடி என்பதே பாதுகாப்பு. காட்டில் கூடு பெரும்பாலும் பழமரங்களில், கிளையின் ஆடும் நுனியில் இருக்கும்: பாசி, லைக்கன், வேர்நார் கொண்டு பின்னி, உள்ளே செடிப் பஞ்சும் கம்பளி இழையும் மெத்தென்று வைத்த ஆழமான கிண்ணம். ஏவியரியில் உயரமான மூலையில் ஊசியிலைக் கொத்து கட்டி, அதற்குள் கேனரிக் கூட்டுக்கிண்ணம் வைத்தால் ஏற்றுக்கொள்ளும். கூட்டைக் கட்டுவது பெண். ஆண் அவளுக்கு ஊட்டிவிடுகிறானா என்று பாருங்கள். ஜோடி பொருந்தியதற்கு அதைவிட நல்ல அறிகுறி கிடையாது. வழக்கமாக 4 முதல் 6 முட்டைகள், வெளிர் நீல வெள்ளையில் செம்பழுப்புப் புள்ளி. பெண் மட்டும் ஏறக்குறைய 12, 13 நாள் அடை காக்கும். குஞ்சுகள் இரண்டு வாரத்தையொட்டிக் கூட்டைவிட்டு இறங்கும். ஒரு பருவத்தில் இரண்டு ஈடு, சில நேரம் மூன்று.

ஆண் கோல்ட்ஃபிஞ்சைப் பெண் கேனரியோடு சேர்த்துப் பாட்டுக்காகக் கலப்பினம் எடுப்பது பழைய வழக்கம். அவை பொதுவாக மலடு. பழுப்பு, அகேட், இசபெல், சாட்டினெட் என்று நிறமாற்றங்களை வளர்ப்பவர்களும் பெருகியிருக்கிறார்கள். கைத்திறன் என்ற அளவில் மதிக்கிறேன். இயல்பான நிறத்தை வலுவாக வைத்துக் காப்பவர்கள் குறைந்துகொண்டு வருவது வருத்தமாக இருக்கிறது.

வளையம் எதற்கு

இந்தப் பறவையை மனிதன் நேசித்த வரலாறு, பெரும்பாலும் பிடித்து அடைத்த வரலாறு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வலையும் பசையும் வைத்துப் பிடித்துச் சந்தையில் விற்றார்கள். 1860 வாக்கில் சசெக்ஸின் வொர்த்திங் ஊர்ப் பக்கம் மட்டும் ஆண்டுக்கு 1,32,000 பிடிபட்டதாகப் பதிவு இருக்கிறது. 1889இல் தொடங்கி, பின்னால் ஆர்எஸ்பிபி ஆன பறவைப் பாதுகாப்புச் சங்கம் தொடக்கத்திலேயே கையில் எடுத்த பிரச்சினைகளில் இதுவும் ஒன்று. அங்கே சட்டம் வந்து, பறவை மீண்டது. தோட்டங்களில் பேயெள்ளும் தோல் நீக்கிய சூரியகாந்தியும் வைக்கும் பழக்கமும் கைகொடுத்தது. வட ஆப்பிரிக்காவில் நிலைமை எதிர்த்திசையில் போனது. பாட்டுக்காகப் பிடித்துப் பிடித்து, மேற்கு மக்ரெப் பகுதியில் அது கூடு கட்டும் நிலப்பரப்பு பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. மால்டா ஃபிஞ்ச் பிடிக்க அனுமதி கொடுத்ததை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018இல் சட்டமீறல் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பட்டியலிலும் கோல்ட்ஃபிஞ்ச் இருந்தது.

ஆகவே வளர்க்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: கூண்டில் பிறந்ததை, உங்கள் நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால் மட்டும் வளர்க்கலாம். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டப்படி, கூண்டில் பிறந்து மூடிய வளையம் அணிந்த கோல்ட்ஃபிஞ்சை விற்கலாம், வாங்கலாம். மூடிய வளையம் என்பது இணைப்பே இல்லாத உலோக வட்டம். குஞ்சுக்கு ஏறக்குறைய ஐந்தாறு நாள் ஆகும்போது முன்விரல் மூன்றையும் சேர்த்து வளையத்துக்குள் விட்டு, பின்விரலைக் காலோடு மடக்கி, வளையம் தாண்டியதும் அந்த விரலை மெல்ல வெளியே எடுக்க வேண்டும். இரண்டு நாள் முந்தினால் கழன்றுவிடும், இரண்டு நாள் பிந்தினால் நுழையாது. சரியான அளவு வளையத்தை வளர்ந்த பறவையின் காலில் மாட்டவே முடியாது என்பதுதான் இதன் மதிப்பு. பளபளக்கும் வளையத்தை எச்சம் என்று நினைத்துத் தாய் வெளியே தள்ளப் பார்த்து, குஞ்சையே தள்ளிவிடுவதும் உண்டு. அதனால் அனுபவமுள்ளவர்கள் வளையத்தைக் கறுப்பாக்கி, தாய் கூட்டைச் சுத்தம் செய்து ஓய்ந்த சாயங்கால நேரத்தில் போடுகிறார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதும் அந்த வளையத்தைத்தான். அது பாதத்தைத் தாண்டித் தாராளமாகக் கழன்று வருகிறதா, காலின் செதில்கள் உரிந்திருக்கின்றனவா, பின்விரல் கோணியிருக்கிறதா என்று பாருங்கள். அளவு பெரிய வளையத்தை வளர்ந்த பறவையின் காலில் வலிந்து ஏற்றியிருந்தால் இவை தெரியும். காட்டில் பிடித்த பறவை ஆள் நெருங்கியதும் கம்பியில் மோதி மோதி அலகின் அடிப்பக்க இறகை இழந்திருக்கும். கூண்டில் பிறந்தது விலகி உட்காரும், ஆனால் சீக்கிரமே தின்னத் திரும்பும். வளையத்தில் பொறித்த ஆண்டும் எண்ணும் வளர்ப்பவரின் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். பெற்றோர் பறவைகளையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள்.